மறைந்த கலைஞரின் பாடலை மீளப் பாடுதல்: மட்டக்களப்பு, அம்பாறைச் சுயாதீனப் பாடலாசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, எந்த நிறுவனத்தையும் சாராமல் வெளியிடுகின்ற ஒருவருக்கு, மறைந்த கலைஞர் ஒருவரின் பாடலைத் தம் குரலில் மீளப் பாட வேண்டும் என்ற விருப்பம் எழுவது இயல்பானது. கேட்போர் ஏற்கெனவே நேசிக்கின்ற பாடல் என்பதால் அது புதிய குரலை விரைவாக அறிமுகப்படுத்தும். அந்தக் கலைஞரை அறியாத தலைமுறைக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்யும். ஆனால் உயிரோடு இருப்பவரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளக்கூடிய எதையும் மறைந்தவரிடம் கேட்க முடியாது. அதனால் பாடுவதற்கு முன்னர் செய்து முடிக்க வேண்டிய வேலை, பாடும் வேலையை விடப் பெரிதாக இருக்கும். கல்முனையிலோ கல்லடியிலோ ஓர் அறைக்குள் இருந்து இசை செய்பவர் அந்த வேலையை எந்த ஒழுங்கில் செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

பாடல் யாருடையது?

நாம் ஒரு பாடலைப் பாடகரின் பெயரால் நினைவில் வைத்திருக்கிறோம். சட்டமோ அதே பாடலில் குறைந்தது மூன்று உரிமைகளைக் காண்கிறது: வரிகளை எழுதியவருடையது ஒன்று, மெட்டமைத்தவருடையது இன்னொன்று, ஒலிப்பதிவைத் தயாரித்தவருடையது மூன்றாவது. பாடியவருக்குத் தம் ஆற்றுகையின் மீது தனியான உரிமை உண்டு என்றாலும், அந்தப் பாடலை வேறொருவர் பாட அனுமதிக்கும் அதிகாரம் அதனால் அவருக்குக் கிடைத்துவிடாது. 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் வெளிநாடுகளில் இசை நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருந்தபோது, தம் அனுமதியின்றித் தம் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து அவருக்குச் சட்ட அறிவித்தல் வந்தது. அந்தப் பாடல்களுக்கு உலகமறிந்த குரலைக் கொடுத்தவருக்கே நிலைமை இதுவென்றால், அவர் 2020இல் மறைந்த பின்னர் அவர் பாடிய பாடலொன்றை எடுப்பவர் முதலில் தேட வேண்டியது அந்தப் பாடலை ஆக்கியவர்களையே.

இலங்கையில் இதனை ஆளுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிய பாதுகாப்பு, ஆக்கியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பின் மேலும் 70 ஆண்டுகளும் நீடிக்கும். ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்குப் பின் 50 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. பதிப்புரிமையை எங்கும் பதிவு செய்திருக்க வேண்டிய தேவையில்லை. ஆக்கம் உருவான கணத்திலேயே உரிமையும் உருவாகிவிடுகிறது. ஆகவே எழுபதுகளில் வானொலியில் ஒலித்த ஒரு மெல்லிசைப் பாடலின் ஒலிப்பதிவு காலம் கடந்ததாக இருந்தாலும், அதன் வரிகளும் மெட்டும் இன்னும் யாரோ ஒருவருடைய பிள்ளைகளின் உடைமையாக இருக்கக்கூடும். பழைய பாட்டுத்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம் நம்மிடையே மிக எளிதாக வருகிறது. அதை முதலில் விட்டுவிட வேண்டும்.

திரைப்பாடல் என்றால் இந்தியச் சட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே காலம் ஆக்கியவர் மறைந்த பின் 60 ஆண்டுகள். 1981இல் மறைந்த கண்ணதாசனின் வரிகள் 2041 இறுதி வரை பாதுகாக்கப்படுகின்றன. அதே பாடலுக்கு 2015இல் மறைந்த எம்.எஸ். விஸ்வநாதன் தனித்து மெட்டமைத்திருந்தால், மெட்டின் மீதான உரிமை 2075 வரை செல்லும். ஒரே பாடலுக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. பழைய திரைப்பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை பெரும்பாலும் இசை நிறுவனங்களிடம் இருக்கிறது, எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் பெருந்தொகுதி இன்று சரிகம நிறுவனத்திடம் உள்ளது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மீள்பாடலுக்கென்றே, உரிமையாளரின் தனி அனுமதி இல்லாமலே பாட வழிசெய்யும் சட்டவழி உரிமம் ஒன்று ஏற்பட்டது. முதல் ஒலிப்பதிவு வந்து ஐந்து ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும், குறைந்தது 50,000 பிரதிகளுக்கான தொகையை முன்கூட்டிச் செலுத்த வேண்டும் என்று அது விதிக்கிறது. அது இந்தியாவுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் என்பதால், நமக்கு அதனால் நேரடிப் பயன் இல்லை. என் கருத்தைக் கேட்டால், தொழிலின் தொடக்கத்தில் இருக்கும் சுயாதீனப் பாடலாசிரியர் திரைப்பாடலை விட்டுவிட்டு நம் மண்ணின் பாடல்களுக்கு வருவதே நல்லது. அங்கே அனுமதி கேட்கக்கூடிய தூரத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள்.

காலம் முடிந்த ஆக்கங்களும் நமக்கு உண்டு. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் மறைந்தார். அவரது கவிதைகளுக்கான 70 ஆண்டுகள் 2017உடன் முடிந்துவிட்டன. ‘வெள்ளைநிற மல்லிகையோ’ என்று தொடங்கும் அவருடைய கவிதையை எடுத்து நீங்கள் புதிய மெட்டில் பாடலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அதே கவிதைக்குப் பின்னாளில் ஒருவர் அமைத்த மெட்டைப் பாடுவீர்களானால், மெட்டமைத்தவரின் அனுமதி தேவை. பாரதியார் பாடல்களுக்கும் இதுவே பொருந்தும்: வரிகள் எல்லோருக்கும் உரியவை, திரையில் கேட்ட மெட்டு அப்படியல்ல. காலம் முடிந்த கவிதைக்குச் சொந்த மெட்டு அமைப்பது, பாடலாசிரியராகத் தொழிலைத் தொடங்கும் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பயிற்சி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாட்டார் பாடல்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வசந்தன் பாடல், கூத்துத் தரு, ஊஞ்சற்பாட்டு, அக்கரைப்பற்று, நிந்தவூர்ப் பக்கத்துக் கவி ஆகியவற்றை ஆக்கியவர் யாரென்று தெரியாததால் அவற்றை எப்படியும் பயன்படுத்தலாம் என்று பலர் கருதுகின்றனர். மேற்சொன்ன இலங்கைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. வணிக நோக்கத்துக்காகவோ வழமையான சூழலுக்கு வெளியிலோ அவற்றைப் பயன்படுத்துவதற்கு உரிய அதிகாரியின் அனுமதி வேண்டும் என்றும், அவை எந்தச் சமூகத்திலிருந்து, எந்த இடத்திலிருந்து பெறப்பட்டன என்பதைக் குறிப்பிட வேண்டும் என்றும் அது சொல்கிறது. குறைந்தது, யாரிடம் கேட்டுப் பழகினீர்களோ அந்த அண்ணாவியாரின், அதாவது கூத்துப் பழக்கும் ஆசானின், பெயரும் ஊரின் பெயரும் உங்கள் வெளியீட்டில் இருக்க வேண்டும்.

குடும்பத்தாரிடம் கேட்பது

நம் மாவட்டங்களில் ஒலிப்பேழைக் காலத்தில் பாடல் செய்த பலர் எந்த ஒப்பந்தமும் எழுதாமலேயே மறைந்துவிட்டார்கள். வரிகளும் மெட்டும் அவர்களுடையவை என்றால் உரிமை இப்போது வாரிசுகளிடம் இருக்கும். அவர்களைக் கண்டுபிடிக்கப் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரை முதலில் அணுகுங்கள். கலாபூஷணம் போன்ற விருதுகளுக்கு விண்ணப்பித்த கலைஞர்களின் விபரம் அங்கே இருக்க வாய்ப்புண்டு. கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் விரிவுரையாளர்களும், அந்தக் காலத்து இசைக்குழுக்களில் கீபோர்ட், தபேலா வாசித்தவர்களும் வழிகாட்டக்கூடியவர்கள். பழைய ஒலிப்பேழையின் உறையைப் பத்திரமாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வரிகள் யாருடையவை, இசை யாருடையது என்ற தகவல் பல தடவைகளில் அங்கே மட்டும்தான் அச்சாகியிருக்கும். பாடல் வானொலிக்காகப் பதிவானது என்றால் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

குடும்பத்தாரைச் சந்திக்கும் முறையில் அவசரம் கூடாது. ஒருவர் இறந்த செய்தி வந்த அன்றிரவே அவருடைய பாடலைப் பாடிப் பேஸ்புக்கில் போடுகின்ற வழக்கம் பரவியிருக்கிறது. துயரத்தில் பாடுவது தவறல்ல. ஆனால் அதை வருமானம் தரும் வெளியீடாக மாற்றுவதற்கு 31ஆம் நாள் கிரியைகள் முடியும் வரையிலேனும் பொறுத்திருக்க வேண்டும். முஸ்லிம் குடும்பமாயின் அவர்களுடைய வழக்கத்தை அறிந்தவர் ஒருவரிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். தொலைபேசியில் அனுமதி கேட்பதை விட, அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு பெரியவருடன் நேரில் செல்வது நல்லது. கலைஞரின் துணைவியாரை மாமி என்றோ அன்ரி என்றோ உங்கள் உறவுக்கும் வயதுக்கும் ஏற்ப அழைத்து, எந்தப் பாடலை, ஏன் பாட விரும்புகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பணத்தைப் பற்றிய பேச்சைக் குடும்பத்தின் மூத்த பிள்ளையுடனோ பொறுப்பானவருடனோ தனியாக வைத்துக்கொள்ளலாம். கைபேசியில் பதிந்த ஒரு மாதிரிப் பாடலை எடுத்துச் சென்று கேட்கச் செய்யுங்கள். பாடலின் எந்தப் பகுதி எந்தச் சூழலில் எழுந்தது என்பதை வீட்டார் சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள். அந்தத் தகவல் வேறெங்கும் கிடைக்காது.

வாய்ப்பேச்சோடு நிறுத்திவிடாமல் ஒரு பக்கக் கடிதம் எழுதி இரு தரப்பும் ஒப்பமிடுவது அவசியம். ‘காலஞ்சென்ற எங்கள் தந்தையார் எழுதி மெட்டமைத்த இந்தப் பாடலை இன்னார் தம் குரலில் புதிதாக ஒலிப்பதிவு செய்து இணையத் தளங்களிலும் மேடையிலும் பயன்படுத்துவதற்கு நாங்கள் சம்மதிக்கிறோம், வரிகளையும் மெட்டையும் ஆக்கியவராக அவருடைய பெயர் எல்லா இடங்களிலும் குறிப்பிடப்படும், கிடைக்கும் வருமானத்தில் இன்ன பங்கு ஆண்டுதோறும் எமக்கு வழங்கப்படும்’ என்ற அளவில் எளிய தமிழில் எழுதினால் போதும். பிள்ளைகள் பலர் இருந்தால் எல்லோருடைய ஒப்பமும் வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரிடம் வாட்ஸ்அப்பில் கடிதத்தை அனுப்பி ஒப்பமிட்ட பிரதியைப் பெறலாம். ஒருவர் மறுத்தால் அந்தப் பாடலை விட்டுவிடுங்கள்.

மெட்டைத் தொடுவதற்கு முன்

மூலப் பாடலை அப்படியே போலச் செய்வதற்கு நீங்கள் தேவையில்லை. மூலம் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் குரலில் அது எதனைப் புதிதாக வெளிப்படுத்துகிறது என்பதற்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால் வேறு பாடலைத் தேடுங்கள். ஒரு பாடலைத் தெரிவு செய்ய நான் சொல்லக்கூடிய சோதனை எளியது: எந்த வாத்தியமும் இல்லாமல், சுருதிப்பெட்டியை மட்டும் வைத்துப் பல்லவியையும் ஒரு சரணத்தையும் பாடிப் பாருங்கள். அப்போதும் பாடல் நின்றால் அது உங்களுக்கு ஏற்றது. இடையிசையின் துணையால் மட்டுமே நிற்கின்ற பாடலை மீளப் பாடுவது, பெரும்பாலும் அந்த இடையிசையை மலிவான கீபோர்ட் ஒலியில் திருப்பிச் செய்வதாகவே முடிந்துவிடும்.

அடுத்தது கட்டை, அதாவது பாடும் சுருதி. மூலப் பாடகர் ஐந்து கட்டையில், அதாவது கீபோர்டின் ஜீயில் பாடியிருந்தால் நீங்களும் அங்கேயே பாட வேண்டும் என்ற கட்டாயமில்லை. சரணத்தின் உச்ச சுரத்தைக் கண்டுபிடித்து, அதை உங்கள் குரல் கத்தாமல் தொடக்கூடிய இடத்தில் வைத்து, அங்கிருந்து கீழே கணக்கிட்டு ஆதார சுருதியை முடிவு செய்யுங்கள். ஆண் பாடிய பாடலைப் பெண் பாடும்போது பெரும்பாலும் நாலைந்து சுரத்தானங்கள் நகர வேண்டியிருக்கும்; அப்போது கிற்றாரின் கோர்ட் வடிவங்கள் மாறிப் பாடலின் தொனியும் மாறும் என்பதை முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். பதிவுக்கு முன்னைய வாரங்களில் கட்டையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம்.

சங்கதிகளை, அதாவது ஒரே வரி மெட்டில் சிறிது மாறி வரும் வடிவங்களை, எழுதிக்கொள்வது நம்மில் பலர் தவிர்க்கும் வேலை. மூலப் பாடலை மெதுவாக்கிக் கேட்டு, ஒவ்வொரு வரியின் மெட்டையும் சுரமாக எழுதுங்கள். எந்தச் சங்கதி மெட்டமைத்தவருடையது, எது பாடகர் அந்த நேரத்தில் சேர்த்துக்கொண்டது என்பது வரியை மீண்டும் பாடும் இடங்களை ஒப்பிட்டால் தெரியவரும். மெட்டமைத்தவருடையதைக் காப்பாற்றுங்கள். பாடகர் சேர்த்ததை விட்டுவிட்டு அந்த இடத்தில் உங்களுடையதை வையுங்கள். மீள்பாடலில் உங்கள் ஆக்கத்திறனுக்கு உரிய இடம் அதுதான். சட்டமும் இதே திசையில் நிற்கிறது: ஆக்கியவரின் பெயருக்கும் புகழுக்கும் ஊறு செய்யும் வகையில் ஆக்கத்தைச் சிதைப்பதை எதிர்க்கின்ற தார்மிக உரிமை அவருக்கு உண்டு, அவர் மறைந்த பின் அது வாரிசுகளின் கையில் இருக்கிறது. வரிகளை மாற்றுவதும் வேறு மொழிக்குக் கொண்டுபோவதும் தழுவல் என்பதால், அவற்றுக்குத் தனியான அனுமதி பெற வேண்டும்.

வரிகளில் மட்டக்களப்புப் பேச்சு இருந்தால் அதை மேடைத் தமிழாகத் திருத்தாதீர்கள். அந்தக் கலைஞர் அறிந்தே அப்படி எழுதினார். வாத்தியங்களைப் பொறுத்தவரை, கூத்தின் மத்தளத்தையும் சல்லரியையும், பொல்லடிக் கோலாட்டத்தில் ஒலிக்கும் றபான் என்ற தோற்கருவியையும் அறிந்தவர்கள் வாசிக்கக் கூடுமாயின் பயன்படுத்துங்கள். மாதிரி ஒலிகளைக் கணினியில் அடுக்கி ஊர் மணம் சேர்த்துவிட்டதாக எண்ணுவது அந்த வாத்தியங்களுக்கு நீதி செய்யாது.

பதிவு செய்வதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நல்ல மைக் ஒன்றும் மெத்தைகளும் துணிகளும் நிறைந்த அறையும் போதும். மின்விசிறியை நிறுத்தி, தகரக் கூரையுள்ள வீடாயின் ஐப்பசி முதல் தை வரையான மழைக்காலத்தைத் தவிர்த்து, கண்ணகி அம்மன் கோயில்களின் வைகாசிச் சடங்குக் காலத்தில் ஒலிபெருக்கிகள் அடங்கிய பின்னிரவைத் தெரிவு செய்துகொள்ளுங்கள். யூடியூப்பில் கிடைக்கும் கரோக்கி இசையின் மேல் பாடி வெளியிட வேண்டாம். அது இன்னொருவரின் ஒலிப்பதிவு, அதற்கும் தனி உரிமை உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. செயற்கை நுண்ணறிவின் உதவியால் மறைந்தவரின் குரலையே உருவாக்கி, அதனோடு இணைந்து பாடுவது இப்போது எளிதாகிவிட்டது. 2024இல் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை அவ்வாறு பயன்படுத்தியபோது, குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்று உரிய ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். அதே ஆண்டில், தந்தையின் குரல் அனுமதியின்றி உருவாக்கப்பட்டது என்று எஸ்.பி.பி.யின் மகன் ஒரு தெலுங்குப் படக்குழுவுக்குச் சட்ட அறிவித்தல் அனுப்பினார். பாடலுக்குத் தந்த அனுமதி குரலுக்குத் தந்த அனுமதியாகாது. குடும்பம் சம்மதித்தாலும் தொழிலின் தொடக்கத்தில் இருப்பவர் இதைச் செய்யக்கூடாது என்பதே என் நிலைப்பாடு, ஏனெனில் கேட்போர் அங்கே மறைந்தவரைத்தான் கேட்பார்கள், உங்களைக் கேட்கமாட்டார்கள்.

வெளியிடும்போது

பாடலைப் பதிவேற்றும்போது கலைஞர் என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும் வர வேண்டும்; மறைந்தவரின் பெயரை அங்கே சேர்த்தால் பாடல் அவருடைய பக்கத்தில் போய் விழும், தேடுபவரையும் ஏமாற்றும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற இடங்களில் அவர்களுடைய முழுப் பெயரைச் சரியான எழுத்தில் பதியுங்கள். 2021 முதல் இலங்கையில் இயங்கும் ஸ்பொட்டிஃபை போன்ற தளங்களுக்கு டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகிப்பாளர் மூலமாகவே போக முடியும். பதிவேற்றும்போது இது மீள்பாடல் என்று அறிவிப்பது கட்டாயம். உங்கள் ஒலிப்பதிவுக்கு, அதை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எனப்படும் 12 எழுத்து இலக்கம் கிடைக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூப்பில் மெட்டை வைத்தே மீள்பாடலை அடையாளம் காணும் பொறிமுறை இருக்கிறது. உரிமைக் கோரல் வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குச் செல்லும், காணொளி அப்படியே இருக்கும். உரிமை மீறல் எச்சரிக்கை வேறு: 90 நாட்களுக்குள் அத்தகைய மூன்று சேர்ந்தால் சனலே மூடப்படும். குடும்பத்தாரின் கடிதம் உங்கள் கையில் இருக்கும்போது தவறான கோரலை ஆதாரத்துடன் மறுக்கலாம்.

உங்கள் பாடலுக்கு வழி விடுதல்

மீள்பாடல் கவனத்தைக் கொண்டுவரும். அந்தக் கவனம் உங்கள் சொந்தப் பாடலிடம் போய்ச் சேராவிட்டால் உங்கள் தொழில் நகராது. ஆகவே சொந்தப் பாடல் ஒன்று முழுதாக முடிந்து கையில் இருக்கும்போது மட்டும் மீள்பாடலை வெளியிடுங்கள். அதன் பின் சில வாரங்களுக்குள் சொந்தப் பாடல் வர வேண்டும். முடியுமானால் அதே சுருதியின் நிறம், அதே வாத்தியக்காரர்கள், அதே ஊரின் மொழி இரண்டிலும் தொடர வேண்டும். அடுத்தடுத்து மீள்பாடல்களாக வெளியிட்டவர்களுக்கு மேடையில் வரும் வேண்டுகோள்களும் அவையாகவே இருக்கின்றன. அதிலிருந்து வெளியே வருவது கடினம்.

வருமானத்தைப் பற்றி நேராகப் பேசுவோம். யூடியூப்பில் நீளமான காணொளிகள் மூலம் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும்; கணக்கில் 100 டொலர் சேர்ந்த பின்னரே பணம் வங்கிக்கு வரும். இதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இங்கே பாடலாசிரியர்களுக்கு உண்மையில் பணம் தருபவை கோயில்களும் பாடசாலைகளும் சங்கங்களும்தான்: ஆலயத்துக்கான பக்திப்பாடல் இறுவட்டு, பாடசாலைக் கீதம், விளையாட்டுக் கழகத்தின் பாடல், அவற்றோடு இசை வகுப்பு, திருமண மேடை. இத்தகைய வேலைகளை ஏற்கும்போதும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். வரிகளின் உரிமை உங்களிடமே இருக்க, பயன்படுத்தும் அனுமதியை மட்டும் கொடுக்கலாம் என்பதைப் பலர் அறியாமல் எல்லாவற்றையும் ஒரே தொகைக்கு விட்டுக்கொடுக்கின்றனர். சேர்ந்து எழுதிய நண்பருடன் பங்கை ஒலிப்பதிவுக்கு முன்னரே தாளில் எழுதுங்கள். ஒலிப்பேழைக் காலத்துக் கலைஞரின் பிள்ளைகளைத் தேடி நீங்கள் அலைந்ததுபோல, நாளை உங்கள் பாடலை நாடி வருபவர் அலையக்கூடாது.

குடும்பத்துக்கு வாக்களித்த பங்கை, தொகை சிறிதாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை விநியோகிப்பாளர் தரும் அறிக்கையின் பிரதியோடு நேரில் கொடுங்கள். அவர்களிடம் பழைய ஒலிப்பேழைகள் இருந்தால், பூஞ்சணம் பிடிப்பதற்கு முன் அவற்றை எண்ணிம வடிவுக்கு மாற்றிக் கொடுப்பது உங்களால் செய்யக்கூடிய உதவி. குடும்பம் சம்மதித்தால் ஒரு பிரதியை ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேகரிக்கும் நூலக நிறுவனத்துக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பும்போது, பாடல், பாடியவர், எழுதியவர், மெட்டமைத்தவர், பதிவு செய்த ஊர், ஆண்டு ஆகிய ஆறு தகவல்களையும் ஒரு தாளில் எழுதி இணையுங்கள். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள்.